குப்பை பிளான்ட்டுக்குத் தனியார் பணம்: ஒரு நகராட்சி எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும்?

இந்த வழிகாட்டி நகராட்சி ஆணையர், பொறியாளர், இந்த வேலையில் புதிதாக இறங்கியிருக்கும் ஆலோசகர், ஃபைலைப் படித்துப் பார்க்க நினைக்கும் கவுன்சிலர் ஆகியோருக்கானது. மனதில் வைத்து எழுதுவது இரண்டு மூன்று லட்சம் பேர் வசிக்கும் ஒரு தமிழ்நாட்டு நகராட்சியை. பெரிய மாநகராட்சிக்கும் வரிசை இதேதான், எண்கள்தான் பெரிதாகும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இயந்திரத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு நிறுவனம் வந்து படம் போட்டுக் காட்டும், பிறகு எங்காவது ஒரு பிளான்ட்டைப் பார்க்கக் கூட்டிப்போகும், மன்றத்தில் தீர்மானம் வரும், அப்புறம்தான் "பணம் எங்கே?" என்ற கேள்வியே எழும். கடன் கொடுக்கும் வங்கிக்கு இயந்திரத்தின் மேல் பெரிய அக்கறை கிடையாது. பதினைந்து இருபது வருடம் மாதாமாதம் யார், எந்தக் கணக்கிலிருந்து, எதை அளந்து பணம் கொடுக்கப் போகிறார்கள் என்பதைத்தான் அது பார்க்கும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பதில் தயார் செய்யும் வேலைதான்.

1. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

கடைசி மூன்று வருடத் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு. சொத்து வரி கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு என்ற விவரம். குப்பை சேகரிப்புக்கு இப்போது உண்மையில் ஆகும் செலவு: சம்பளம், டீசல், வண்டி ரிப்பேர், குத்தகைக்காரர் பில் எல்லாம் சேர்த்து. பெரும்பாலான ஊர்களில் இந்த எண் ஒரே இடத்தில் இருக்காது. கொஞ்சம் சுகாதாரப் பிரிவிலும் கொஞ்சம் பொறியியல் பிரிவிலும் சிதறிக் கிடக்கும். அதைத் திரட்டாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள், ஏனென்றால் புதுத் திட்டத்தின் மாதக் கட்டணம் கட்டுப்படியாகுமா என்பதை இந்த எண்ணோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.

குப்பைக் கிடங்கு இருக்கும் நிலத்தின் அ-பதிவேடு (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) நகலும் புல வரைபடமும் வேண்டும். ஏற்கெனவே ஓடும் ஒப்பந்தங்களின் நகல்களும் வேண்டும். சேகரிப்புக்காரருக்கு 2030 வரை ஒப்பந்தம் இருக்கும், அதில் "பிரித்துக் கொடுக்க வேண்டும்" என்ற ஒரு வரிகூட இருக்காது. நீங்கள் பிரித்த குப்பையை நம்பிப் புது பிளான்ட்டுக்கு டெண்டர் விட்டிருப்பீர்கள். இது அடிக்கடி நடக்கிறது.

2. முதலில் எடை போடுங்கள்

பதிவேட்டில் இருக்கும் டன் கணக்கு பெரும்பாலும் "இத்தனை நடை × வண்டியின் கொள்ளளவு" என்று போட்டதாக இருக்கும். பாதி நிரம்பிய வண்டியும் முழு வண்டியாகத்தான் அதில் ஏறும். எடைமேடை வைத்துப் பார்த்தால் எண் கணிசமாகக் குறையும். அப்படிக் குறைந்த எண்தான் உங்களுக்கு வேண்டியது.

குறைந்தது இரண்டு பருவத்தில் எடை பாருங்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறி எடை கூடும், ஆனால் எரிபொருளாகவோ எரிவாயுவாகவோ அதனால் எதுவும் கூடாது. பொங்கல், ஆயுத பூஜை வாரங்களைத் தனியாகக் குறித்துவையுங்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் வரும் வாழைமரத்தையும் பூசணிக்காயையும் சராசரியில் சேர்த்தால் வருடம் முழுக்க அந்த அளவு வரும் என்று ஒரு கற்பனைக் கணக்கு உருவாகும்.

மாதிரி எடுப்பதை வீட்டு வாசலில் மட்டும் செய்வது அடுத்த தவறு. வீட்டில் எடுத்த மாதிரியில் அட்டைப்பெட்டி, பெட் பாட்டில், பால் கவர் எல்லாம் இருக்கும். கிடங்குக்கு வருவதற்குள் காயலான் கடைக்குப் போக வேண்டியது போய்விடும். பல ஊர்களில் தூய்மைப் பணியாளர்களுக்கு அதில்தான் கொஞ்சம் கைச்செலவுப் பணம் வருகிறது. மறுசுழற்சி மையத்தின் வருமானத்தை வீட்டு மாதிரியை வைத்துக் கணித்தால், வராத பெட் பாட்டிலுக்கு இருபது வருட வருமானம் எழுதியதாகிவிடும். பிளான்ட் வாசலில் என்ன வந்து இறங்கும் என்பதே கணக்கு, ஆகவே மாதிரியையும் அங்கேதான் எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள். வார்டுகளில் நுண்ணுயிர் உரக்கூடங்கள் ஓடுகின்றனவா? அவை எடுத்துக்கொள்ளும் ஈரக் கழிவு மையப் பிளான்ட்டுக்கு வராது. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் ஹோட்டல், மண்டபம், அடுக்குமாடிகளை விதிகளும் அவரவர் இடத்திலேயே பதப்படுத்தச் சொல்கின்றன. அவர்களிடம்தான் சுத்தமான ஈரக் கழிவு இருக்கிறது. உரக்கூடமா மையப் பிளான்ட்டா என்று முடிவு செய்யாமல் இரண்டுக்கும் அதே குப்பையை எழுதி வைத்த அறிக்கைகளை நிறையவே பார்க்கலாம்.

3. ஈரம், உலர், பழைய மேடு: மூன்றையும் பிரியுங்கள்

"ஒருங்கிணைந்த திட்டம்" என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். நிதி திரட்டும்போது அது வினையாகும், ஏனென்றால் மூன்றுக்கும் பணம் வரும் வழி வேறு.

பழைய குப்பைமேட்டை அகற்றும் பயோமைனிங் ஒருமுறை வேலை. அதற்கு மானியம்தான் பொருத்தம். தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் டன்னுக்கு 550 ரூபாய் என்று செலவு வரையறை வைத்திருந்தார்கள். இதில் நீண்டகாலத் தனியார் முதலீட்டுக்கு வேலை இல்லை. மீட்கப்படும் நிலத்தைக் கொடுத்து முதலீட்டைக் கேட்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

உலர் கழிவுக்கு விற்பனை வருமானம் உண்டு, முதலீடு குறைவு. ஆனால் பழைய பொருள் விலை மாதத்துக்கு மாதம் ஆடும். விற்க முடியாத பிளாஸ்டிக் மிச்சம் எரிபொருளாகச் சிமெண்ட் ஆலைக்குப் போக வேண்டும், தமிழ்நாட்டில் பெரும்பாலும் அரியலூர்ப் பக்கம். ஆலை அதற்கு விலை கொடுக்கும் என்று எழுதாதீர்கள். லாரி வாடகையை நகராட்சி ஏற்கும் நிலைதான் அதிகம். தூரம் கூடக்கூட அது தனிச் செலவுத் தலைப்பாகவே வளர்ந்துவிடும்.

ஈரக் கழிவிலிருந்து உயிரி எரிவாயு எடுப்பதுதான் வங்கிக் கடனோடு செய்யக்கூடிய வேலை. முதலீடு பெரிது, ஆயுள் நீளம், வாங்குபவரும் இருக்கிறார். 2018-ல் மத்திய அரசு தொடங்கிய ‘சதத்’ (SATAT) என்ற உயிரி எரிவாயுத் திட்டத்தின்கீழ் எண்ணெய் நிறுவனங்கள் வாயுவை வாங்குகின்றன. நகர எரிவாயு நிறுவனங்கள் 2025-26-ல் 1 சதவீதத்தில் தொடங்கி 2028-29-ல் 5 சதவீதம் வரை உயிரி எரிவாயு கலக்க வேண்டும் என்று மத்திய அரசு இலக்கும் வைத்திருக்கிறது. இந்த வழிகாட்டியில் இனி வருவது பெரும்பாலும் இந்த வகைப் பிளான்ட்டைப் பற்றியதுதான்.

4. நிலத்தின் தாளைச் சுத்தமாக்குங்கள்

நிலத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களின் திட்டம் கடைசியில் அங்கேதான் நின்றிருக்கிறது. பல குப்பைக் கிடங்குகள் நீர்நிலைப் புறம்போக்கிலோ மேய்க்கால் புறம்போக்கிலோ இருக்கின்றன. வருடக்கணக்காகக் குப்பை கொட்டியதால் அது நகராட்சி நிலம் ஆகிவிடாது. வருவாய்த் துறையிடமிருந்து முறைப்படி நில மாற்றம் வாங்க வேண்டும். நீர்நிலை என்று பதிவாகியிருந்தால் அந்த இடத்தை மறந்துவிட்டு வேறு இடம் தேடுவதே நல்லது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பில் உட்கார்ந்ததால் எத்தனை வழக்கு, எத்தனை உத்தரவு என்று சென்னைக்காரர்களுக்குத் தெரியும்.

பிளான்ட்டில் மிஞ்சும் கழிவைப் புதைக்க இடம் வேண்டுமென்றால் 2016 விதிகள் வைத்த தூரங்களைத் தொடக்கக் கணக்காக வைத்துக்கொள்ளலாம்: ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், நெடுஞ்சாலை, குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர். வங்கியின் வழக்கறிஞர் கேட்கும் முதல் தாள் நில வகைப்பாடு, இரண்டாவது வழக்கு நிலவரம். நிலம் நகராட்சி பெயரிலேயே இருக்கும், தனியாருக்குக் குத்தகை உரிமையோ பயன்பாட்டு உரிமையோ மட்டும் போகும், ஆகவே வங்கிக்கு அடமானமாக நிலம் கிடைக்காது. அதற்கு மாற்று 11-வது படியில் வருகிறது.

5. நகராட்சியால் மாதம் எவ்வளவு கொடுக்க முடியும்?

டிப்பிங் கட்டணம் என்பது பிளான்ட் ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு டன்னுக்கும் நகராட்சி கொடுக்கும் தொகை. "நிறுவனமே எல்லாம் பார்த்துக்கொள்ளும், நமக்குச் செலவில்லை" என்று மன்றத்தில் சொல்லிவிட்டு, டெண்டர் திறந்த அன்று டிப்பிங் கட்டணத்தைப் பார்த்து அதிர்வது வழக்கமாகிவிட்டது. அதனால் டெண்டருக்கு முன்னால் உங்கள் உச்சவரம்பை நீங்களே கண்டுபிடித்துவிடுங்கள்.

சொந்த வருமானத்தில் (வசூல் ஆன தொகையைப் பாருங்கள், கேட்புத் தொகையை விட்டுவிடுங்கள்) சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், பழைய கடன் தவணை போக மிஞ்சுவது என்ன? இப்போது குப்பையைக் கிடங்கில் கொட்டுவதற்கு ஆகும் செலவில் எது நிஜமாகவே மிச்சமாகும்? இந்த இரண்டும் சேர்ந்துதான் உங்கள் வரம்பு. குப்பைக் கட்டணம் மக்களிடம் வசூலித்துச் சமாளிக்கலாம் என்று எழுதுவது எளிது. சென்னையில் 2021 ஜனவரியிலிருந்து வசூலிப்பதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தார்கள். தேர்தல் வருடம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும். ஒப்பந்தம் இருபது வருடம். புதுக் கட்டணத்தைப் பாதி வசூலாகும் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்போதும் நிற்கிறதா என்று.

மானியத்தை வைத்து மாதக் கட்டணத்துக்கு உறுதி கொடுக்காதீர்கள். 15-வது நிதிக்குழு மானியத்தில் சிறிய நகரங்களுக்குச் சுகாதாரத்துக்கென்று 30 சதவீதம் ஒதுக்கியிருந்தார்கள், அதன் காலம் 2025-26 உடன் முடிவதாகத்தான் எழுதப்பட்டது. மானியம் ஐந்து வருடக் கணக்கில் மாறும், டிப்பிங் கட்டணம் மாறாது. மானியம் கட்டுமானத்துக்கு, சொந்த வருமானம் மாதக் கட்டணத்துக்கு என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

6. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

எண்கள் வெறும் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊருக்கு உங்கள் எண்ணைப் போடுங்கள்.

நாளுக்கு 100 டன் பிரித்த ஈரக் கழிவு, வருடத்துக்கு 330 நாள், ஆக 33,000 டன். டன்னுக்கு 30 கிலோ வாயு. இந்தூரில் உள்ள உயிரி எரிவாயு பிளான்ட்டை நாளுக்கு 550 டன்னுக்கு 17,000 கிலோ என்று வடிவமைத்திருக்கிறார்கள், கிட்டத்தட்ட இதே அளவு. கிலோ 50 ரூபாய் என்றால் வாயு வருமானம் 4.95 கோடி. உரத்தில் ஒரு 30 லட்சம். மொத்தம் 5.25 கோடி. ஓட்டும் செலவு 3.5 கோடி. கையில் 1.75 கோடி.

முதலீடு 35 கோடி. அதில் 30 சதவீதம், அதாவது 10.5 கோடி மானியம். மீதி 24.5 கோடியில் 17 கோடி கடன், 7.5 கோடி நிறுவனத்தின் பங்கு. 11 சதவீத வட்டியில் பத்து வருடத் தவணை என்றால் வருடத்துக்குச் சுமார் 2.9 கோடி கட்ட வேண்டும். வங்கி தவணையைப் போல 1.3 மடங்கு பணம் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டால் 3.75 கோடி வேண்டும். இருப்பது 1.75. பள்ளம் 2 கோடி, 33,000 டன்னால் வகுத்தால் டன்னுக்கு ஏறக்குறைய 606 ரூபாய் டிப்பிங் கட்டணம்.

இப்போது நாளுக்கு 65 டன்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயு 3.2 கோடியாகக் குறையும், உரம் 20 லட்சம், டிப்பிங் கட்டணம் 1.3 கோடி. ஆனால் ஓட்டும் செலவு அதே விகிதத்தில் இறங்காது, ஆட்களும் மின்சாரமும் இருந்தாக வேண்டும், 3.1 கோடி ஆகும். மிஞ்சுவது 1.6 கோடி, தவணையோ 2.9 கோடி. முதல் வருடமே கடன் வாராக்கடன் ஆகும் வழியில் போகும். இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் 2-வது படியில் அவ்வளவு நேரம் எடைமேடையிலேயே நின்றது. குப்பையின் அளவு சரியாக வந்து, தரம் கெட்டாலும் இதே கதிதான். லக்னோவில் 2003-ல் வந்த 5 மெகாவாட் உயிரிவாயு மின்நிலையம், பிரித்த குப்பை கிடைக்காமல்தான் மூடிக் கிடந்தது. வாயு தயாரிக்கும் தொட்டி ஒரு மாட்டின் இரைப்பை மாதிரி, மண்ணும் பிளாஸ்டிக்கும் போட்டால் நின்றுவிடும்.

7. மானியம், கடன், பங்கு: எதை முதலில் அடுக்குவது?

மானியத்தை முதலில் உறுதி செய்யுங்கள், பிறகு பங்கு, கடைசியில் கடன். கடன்காரர் மற்ற இரண்டும் எழுத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் தொகை சொல்வார்.

மத்திய நிதி அமைச்சகத்தின் சாத்திய இடைவெளி நிதியை, அதாவது தனியார் கூட்டுத் திட்டத்தில் வருமானம் போதாத பள்ளத்தை நிரப்பும் மானியத்தை, எல்லோரும் வி.ஜி.எஃப். என்றுதான் சொல்கிறார்கள். 2020 நவம்பரில் திருத்தியமைத்தபோது திடக்கழிவு, குடிநீர், கழிவுநீர், கல்வி, சுகாதாரம் ஆகியவற்றுக்குத் தனிப்பிரிவு வைத்தார்கள்: திட்டச் செலவில் 30 சதவீதம் வரை மத்திய அரசு, இன்னொரு 30 சதவீதம் வரை மாநிலமோ உள்ளாட்சியோ. நிபந்தனை, ஓட்டும் செலவு முழுவதையும் திட்டத்தின் வருமானம் ஈடுகட்ட வேண்டும். மேலே உள்ள கணக்கில் 5.25-க்கு 3.5 என்பதால் அந்தப் படியைத் தாண்டிவிடும். விண்ணப்பிக்கும் மாதத்தில் திட்டத்தின் நடப்பு விதிகளைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும், பழைய சுற்றறிக்கையை வைத்து எழுதிய விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன.

புதியவர்கள் தவறவிடும் ஒரு விஷயம், வி.ஜி.எஃப். பணம் முதல் நாளே வராது. நிறுவனம் தன் பங்குத் தொகையைப் போட்டுச் செலவு செய்த பிறகு, கடன் விடுவிக்கப்படும் அளவுக்கு ஏற்ப வரும். முதல் ஆறு மாதக் கட்டுமானப் பணம் எங்கிருந்து என்ற கேள்விக்கு "மானியம்" என்று எழுதினால் வங்கி சிரிக்கும்.

தூய்மை இந்தியா இரண்டாம் கட்டத்தில் மத்தியப் பங்கு ஊரின் அளவைப் பொறுத்தது: பத்து லட்சத்துக்கு மேல் 25 சதவீதம், ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை 33, அதற்குக் கீழே 50. ஒரே கட்டடத்துக்கு இரண்டு திட்டத்திலும் மானியம் எழுதுவது தணிக்கையில் மாட்டும். எந்த உறுப்புக்கு எந்தத் திட்டம் என்று ஒரு பட்டியல் போட்டு அரசிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

நாளுக்கு 20, 30 டன் உள்ள ஊருக்குத் தனியாக வங்கி வராது. பக்கத்து ஊர்களோடு சேருங்கள். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல: 2002-ல் பத்துக்கும் மேற்பட்ட சிறு நகராட்சிகளும் பேரூராட்சிகளும் சேர்ந்து, குடிநீர், சுகாதாரப் பணிகளுக்கான கூட்டு நிதியம் வழியாக 30.41 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டன. தனித்தனியாகப் போயிருந்தால் ஒன்றுக்கும் கிடைத்திருக்காது. தவணை தவறினால் மாநில அரசு தரும் பங்கிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும், அதற்கு மேல் பாதித் தொகைக்கு அமெரிக்க வளர்ச்சி முகமையின் உத்தரவாதமும் இருந்ததால்தான் முதலீட்டாளர்கள் வந்தார்கள்.

8. எந்த வகை ஒப்பந்தம்

வாயு, உரம் விற்பனை நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை இருந்தால், நிறுவனமே வடிவமைத்து, கட்டி, பணம் போட்டு, ஓட்டி, காலம் முடிந்ததும் ஒப்படைக்கும் முறை. வருமானம் சந்தேகமென்றால் கலப்பு ஆண்டுத்தொகை முறை: கட்டும்போதே 40 சதவீதத்தை அரசு கொடுத்துவிடும், மீதி 60-ஐ நிறுவனம் போட்டு, பதினைந்து வருடத்தில் தவணையாகத் திரும்பப் பெறும். நமாமி கங்கைத் திட்டத்தில் கழிவுநீர் நிலையங்களை இப்படித்தான் கட்டினார்கள். சின்ன ஊருக்கு என் ஓட்டு இதற்குத்தான், விற்பனை ரிஸ்க் பாதி குறையும் என்பதால். ஆனால் அந்த ஆண்டுத்தொகையைக் கொடுக்கும் திராணி நகராட்சிக்கு இருக்க வேண்டும், 5-வது படிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

இந்தூரைக் காட்டி "அங்கே நிறுவனம் நகராட்சிக்குப் பணம் கொடுக்கிறதே" என்று கேட்பவர்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. உண்மைதான். 2022 பிப்ரவரியில் திறந்த அந்தப் பிளான்ட்டில் 150 கோடி முதலீடு தனியாருடையது, வருடத்துக்கு 2.5 கோடி மாநகராட்சிக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் வீட்டிலேயே பிரிப்பதை இந்தூர் பல வருடம் பழக்கிய பிறகு வந்த பிளான்ட் அது. வாயுவில் குறைந்தது பாதியை மாநகராட்சியே பேருந்துகளுக்கு வாங்கிக்கொள்கிறது. 550 டன் என்ற அளவும் இருக்கிறது. இதில் எதுவும் இல்லாத ஊரில் பணம் கேட்டு டெண்டர் விட்டால் யாரும் வர மாட்டார்கள், அல்லது வரக்கூடாதவர் வருவார்.

9. எந்த ரிஸ்க் யார் தலையில்?

ஒப்பந்தத்தின் பெரும்பகுதி இதுதான், இங்கே அவசரப்படாதீர்கள். யாரால் ஒன்றைக் கட்டுப்படுத்த முடியுமோ அவர் தலையில் அதை வையுங்கள்.

குப்பை அளவு: நகராட்சியின் பொறுப்பு. ஆனால் 100 டன்னுக்கு உத்தரவாதம் கொடுக்காதீர்கள். எடைமேடையில் உறுதியான அளவில் 70, 80 சதவீதத்துக்குக் கொடுங்கள். அதற்குக் கீழே போனால் வராத குப்பைக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும், அந்தப் பில் கவுன்சில் கூட்டத்துக்கு வரும்போது விளக்கம் சொல்லவே முடியாது.

குப்பையின் தரம்: இதுவும் நகராட்சியுடையதுதான், நிறுவனம் ஏற்காது. எத்தனை சதவீதத்துக்கு மேல் கலப்படம் இருந்தால் ஒரு வண்டியைத் திருப்பி அனுப்பலாம், அதை யார், எந்த முறையில் சோதிப்பது, திருப்பிய வண்டி எங்கே போகும் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வியைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் கேட்பதே இல்லை.

இயந்திரம் ஓடுவது, வாயு அளவு, விற்பனை: நிறுவனம். மிச்சக் கழிவுக்கு ஒரு வரம்பு, உதாரணமாக 15 சதவீதம். அதைத் தாண்டினால் புதைக்கும் செலவும் அபராதமும் அவர்களுக்கு. இந்த வரம்பு இல்லையென்றால் குப்பையை வாங்கி, நன்றாக இருப்பதை மட்டும் எடுத்து, மீதியைப் பின்பக்கம் கொட்டிவிட்டு டன் கணக்கில் காசு வாங்குவது நிறுவனத்துக்கு லாபமான வழியாகிவிடும்.

உள்ளே வரும் எடைக்கு மட்டும் பணம் என்று வைத்தால் கட்டட இடிபாடும் தண்ணீரும் எடையில் ஏறும். சேகரிப்பு ஒப்பந்தங்களில் சென்னை பட்ட பாடு இது. அதனால்தான் 2020-க்குப் பிறகு அங்கே செயல்திறன் குறியீடுகளை வைத்துக் கட்டணம் கொடுக்கும் முறைக்குப் போனார்கள். பிளான்ட்டுக்கு, கட்டணத்தில் ஒரு பகுதி உள்ளே வரும் எடைக்கு, ஒரு பகுதி வெளியே போகும் வாயுவுக்கும் உரத்துக்கும் என்று பிரியுங்கள்.

சட்ட மாற்றம்: 2016 விதிகளை மனதில் வைத்து எழுதிய ஒப்பந்தங்களில் மூன்று வகைப் பிரிப்புதான். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று அறிவிக்கப்பட்ட புதிய விதிகளில் ஈரம், உலர், சானிட்டரி, சிறப்புக் கவனக் கழிவு என்று நான்கு. இந்த மாதிரி மாற்றத்தின் கூடுதல் செலவை யார் ஏற்பது என்று எழுதவில்லை என்றால் நடுவர் மன்றத்தில்தான் முடியும்.

விலை உயர்வு: சம்பளப் பகுதிக்குத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீடு, மின்சாரம், டீசலுக்கு வேறு குறியீடு. ஒட்டுமொத்தமாக வருடத்துக்கு 5 சதவீதம் என்று போட்டால் ஏதோ ஒரு பக்கம் சில வருடத்தில் அழும்.

ஜி.எஸ்.டி.யையும் மறக்காதீர்கள். நகராட்சிக்குச் செய்யும் குப்பை மேலாண்மை சேவைக்கு விலக்கு இருப்பது நல்ல செய்தி போலத் தெரியும். ஆனால் விலக்குப் பெற்ற சேவைக்காக வாங்கிய இயந்திரத்தில் கட்டிய வரியை நிறுவனம் திரும்ப எடுக்க முடியாது, அது டிப்பிங் கட்டணத்துக்குள் வந்து உட்காரும். டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் இதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

10. தொழிலாளர்களைப் பற்றி டெண்டருக்கு முன்பே முடிவெடுங்கள்

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் போராட்டம் நடந்தது. பிளான்ட் மட்டும்தான் தனியாருக்கு, சேகரிப்பு இல்லை என்றாலும் கேள்வி வரும்: இப்போது கிடங்கில் வேலை செய்பவர்கள் என்ன ஆவார்கள்? அங்கே பொறுக்கிப் பிழைப்பவர்கள்? உலர் கழிவு விற்ற காசு யாருக்கு? சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் குறையாது என்பதை ஒப்பந்த நிபந்தனையாகவே போட்டு அதன் செலவையும் கணக்கில் ஏற்றுங்கள். பின்னால் சேர்த்தால் நிறுவனம் கட்டண உயர்வு கேட்கும், வங்கி நடுங்கும். நியாயம் என்பது ஒருபுறம் இருக்க, நிதிக் கணக்காகப் பார்த்தாலும் இதுதான் மலிவு.

11. டெண்டரும் வங்கிக்கான பாதுகாப்பும்

ஏலத்துக்கு ஒரே ஓர் அளவுகோல் வையுங்கள். மானியத்தை நிலையாக வைத்துக் குறைந்த டிப்பிங் கட்டணம் கேட்கலாம், அல்லது கட்டணத்தை நிலையாக வைத்துக் குறைந்த மானியம் கேட்கலாம். வி.ஜி.எஃப். போகிறீர்கள் என்றால் இரண்டாவதுதான். இரண்டையும் திறந்துவிட்டால் ஒப்பிடவே முடியாது. தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டத்தின்கீழ் பொதுத்துறை–தனியார் கூட்டுக்கென்றே 2012 விதிகள் இருக்கின்றன. சாதாரண சிவில் வேலைப் படிவத்தில் இதற்கு டெண்டர் விடக்கூடாது.

நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த விலை வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். எப்படி இந்த விலை என்று நிதி மாதிரியைக் கேளுங்கள். பெரும்பாலும் அதில் வாயு அளவோ உர விலையோ ஏற்றி எழுதியிருக்கும்.

நிலம் அடமானம் இல்லாததால் வங்கிக்கு மூன்று பிடிமானம் கொடுக்க வேண்டும். ஒன்று எஸ்க்ரோ கணக்கு: குறிப்பிட்ட வரி வருமானம் முதலில் அங்கே விழுந்து, அதிலிருந்து டிப்பிங் கட்டணம் போன பிறகே நகராட்சிக்கு மிச்சம் வரும். மூன்று மாதக் கட்டணம் எப்போதும் இருப்பில் இருக்கட்டும். இரண்டாவது மாற்று ஒப்பந்தம்: நிறுவனம் தவறினால் வங்கி வேறொரு நிறுவனத்தைக் கொண்டுவந்து உட்காரவைக்கும் உரிமை. மூன்றாவது, பாதியில் முறிந்தால் யார் தவறுக்கு எவ்வளவு இழப்பீடு என்ற அட்டவணை. நகராட்சித் தவறில் முறிந்தால் கடன் முழுவதும் திரும்ப வேண்டும் என்று வங்கி கேட்கும். நிறுவனத்தின் தவறில் முறிந்தாலும் கடனில் ஒரு பங்கைக் கேட்கும். இதைப் பார்த்து மன்றம் பதறும், ஆனால் பிளான்ட் நகராட்சிக்குத்தான் வந்து சேர்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

12. கையெழுத்துக்கும் கடன் வருவதற்கும் நடுவில்

பொதுவாக 180 நாள் கொடுப்பார்கள். நகராட்சி செய்ய வேண்டியவை: ஆக்கிரமிப்பு இல்லாமல் நிலத்தை ஒப்படைப்பது, சாலை, மின் இணைப்பு, எஸ்க்ரோ கணக்கு. நிறுவனம் செய்ய வேண்டியவை: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவும் இசைவு, எரிவாயு அழுத்திச் சேமிக்க வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம், வாயு விற்பனை ஒப்பந்தம். 2006 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்கீழ் பொதுத் திடக்கழிவு வசதிக்கு முன் அனுமதி தேவைப்படும். மக்கள் கருத்துக் கேட்பு வந்தால் 180 நாள் போதாது, ஆகவே அந்த விண்ணப்பத்தை டெண்டருக்கு முன்பே நகராட்சி தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம். ஆணையர் மாற்றலாகிப் போவதும் இந்தக் காலத்தில்தான் நடக்கும். யாருடைய மேசையில் எந்த ஃபைல் என்று ஒரு தாளில் எழுதிவைத்தால் புதியவர் வந்ததும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

13. ஓட ஆரம்பித்த பிறகு

எடைமேடைத் தரவு நகராட்சி, நிறுவனம், சுயாதீனப் பொறியாளர் மூவருக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். கேமரா, வண்டி எண், நேரம் எல்லாம் சேர்த்து. சுயாதீனப் பொறியாளரின் சம்பளத்தை இரு தரப்பும் பாதிப்பாதி ஏற்கட்டும், ஒருவர் மட்டும் கொடுத்தால் சான்றும் அந்தப் பக்கம் சாயும்.

முதல் ஆறு மாதம் முழு அளவை எதிர்பார்க்காதீர்கள். நுண்ணுயிர்கள் பழகி வாயு நிலைப்பட நேரம் எடுக்கும், அதற்கு ஏற்ப முதல் கடன் தவணையைத் தள்ளிவைக்கும்படி வங்கியிடம் ஆரம்பத்திலேயே பேசியிருக்க வேண்டும். பில்லில் தகராறு இருந்தால் தகராறான பகுதியை மட்டும் நிறுத்திவைத்து, மீதியை அந்த மாதமே கொடுத்துவிடுங்கள். முழுப் பில்லையும் நிறுத்தும் பழக்கம் நகராட்சிகளில் உண்டு. மூன்று மாதம் அப்படி நின்றால் நிறுவனம் முதலில் கைவைப்பது பராமரிப்புச் செலவில்தான், அப்புறம் பிளான்ட் நாறும், பக்கத்து ஊர்க்காரர்கள் சாலை மறியலுக்கு வருவார்கள்.

பிரித்துக் கொடுக்கும் வேலையில் எந்த வார்டு சறுக்குகிறது என்பதைத் திருப்பி அனுப்பிய வண்டிகளின் பட்டியலே சொல்லிவிடும். அதை மாதாமாதம் துப்புரவு ஆய்வாளர்களிடம் கொடுத்து, அடுத்த மாதப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.